சாந்தோரினியில் எங்கே தங்குவது: ஈயாவில் மூன்று இரவுகள், பிர்கோஸில் நான்கு இரவுகள்

ஈயா ஊரின் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் நாங்கள் வண்டியை விட்டு இறங்கியபோது, விடுதியிலிருந்து வந்திருந்த இளைஞர் எங்கள் இரண்டு பெரிய பெட்டிகளில் ஒன்றைத் தோளிலும் மற்றொன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். பளிங்குக் கல் பாவிய கடைத்தெருவைக் கடந்ததும் படிகள் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருந்த அந்தப் படிகளில் பல இடங்களில் கைப்பிடி இல்லை. ஒரு பக்கம் வெள்ளைச் சுவர், மறுபக்கம் கீழ் வீட்டின் கூரை. எழுபத்து மூன்று வயதான என் அம்மா நாற்பதாவது படியில் நின்று, "இறங்குறது சரிடா, நாளைக்கு ஏறுறது யாரு?" என்று கேட்டார். அறைக் கதவை அடைந்தபோது அவர் எண்ணி முடித்திருந்த படிகள் 86. முன்பதிவுத் தளத்தில் அந்த அறைக்கு நாற்பது படங்கள் போட்டிருந்தார்கள். படிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் அம்மாவும் கிரேக்கத் தீவான சாந்தோரினியில் ஏழு இரவுகள் தங்கினோம். முதல் மூன்று இரவுகள் ஈயாவில், எரிமலை உள்வாங்கியதால் உண்டாகிக் கடல் நிறைந்து கிடக்கும் பெரும் பள்ளமான கால்டெராவைப் பார்த்த ஒரு குகை அறை. அடுத்த நான்கு இரவுகள் தீவின் நடுவே உள்ள பிர்கோஸ் கிராமத்தில் ஒரு சிறிய வீடு. இரண்டையும் அடுத்தடுத்து அனுபவித்ததால், இந்தத் தீவில் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டாகியிருக்கிறது. கால்டெராவின் காட்சி பொதுச்சொத்து. அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய நடைபாதையில் நின்றால் எவருக்கும் அது கிடைக்கும். அறைக்குக் கொடுக்கும் பணம் வாங்கித் தர வேண்டியவை அமைதி, ஏறி இறங்கும் சிரமமின்மை, போக்குவரத்து வசதி ஆகிய மூன்றும்தான். விளிம்பில் தங்கும் ஆசை இருந்தால் ஓரிரு இரவுகள் தங்கலாம். முழுப் பயணத்தையும் அங்கே கழிப்பது, குறிப்பாக முதியவர்களோடும் குழந்தைகளோடும் வருபவர்களுக்கு, நான் பரிந்துரைக்கும் காரியம் அன்று.

நெரிசலின் அளவைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். தீரா என்ற அதிகாரப்பூர்வப் பெயர் கொண்ட இந்தத் தீவின் பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர். நிலையாக வசிப்பவர்கள் ஏறத்தாழ 15,500 பேர். இவ்வளவு சிறிய நிலத்துக்கு 2023இல் மட்டும் ஏறக்குறைய 800 சொகுசுக் கப்பல்கள் வந்தன. அவற்றில் வந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். 2025 முதல் நாளொன்றுக்குக் கப்பல்வழி வருவோர் 8,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் கோடைக்காலக் கப்பல் பயணிகளிடம் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வசூலிக்கிறார்கள். வரம்பு வந்த பிறகும் 8,000 என்பது உள்ளூர் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் தீவின் தலைநகர் ஃபிரா, ஈயா என்ற இரண்டே ஊர்களின் ஒடுங்கிய தெருக்களுக்குள்தான் வந்து சேர்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. கப்பல்கள் காலையில் ஃபிராவின் அடிவாரத்தில் நங்கூரமிடுகின்றன. பயணிகள் படகில் கரைக்கு வந்து, ரோப் காரிலோ ஏறத்தாழ அறுநூறு படிகள் கொண்ட பழைய பாதையிலோ மேலே வருகிறார்கள். மற்றொரு பகுதியினர் அதினியோஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டுச் சுற்றுலாப் பேருந்துகளில் ஈயாவுக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை வரை ஈயாவின் கடைத்தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. மாலையில் கப்பல்கள் புறப்பட ஆயத்தமாகும் வேளையில், தீவின் மற்ற ஊர்களில் தங்கியிருப்பவர்கள் சூரிய மறைவைப் பார்க்க ஈயாவை நோக்கி வருகிறார்கள். ஆகவே ஈயாவில் தங்குபவருக்கு ஊர் தன் இயல்போடு கிடைப்பது விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும்தான். எங்கள் மூன்று நாள்களில் மிகச் சிறந்த பொழுது, காலை ஆறே முக்காலுக்கு யாருமற்ற தெருவில் நானும் மனைவியும் பழைய கோட்டையின் இடிபாடு வரை நடந்த அரை மணி நேரம். தெருவைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த ஒருவரையும் நான்கு பூனைகளையும் தவிர வேறு எவரையும் நாங்கள் பார்க்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காக ஈயாவில் ஓர் இரவு தங்கலாம் என்று இப்போதும் சொல்வேன்.

இனி அந்தக் குகை அறையைப் பற்றி. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான மண்ணைக் குடைந்து, வளைகூரையோடு எழுப்பும் இந்த வீடுகள் சாந்தோரினியின் பழைய கட்டடக் கலையின் பெருமைக்குரிய அடையாளம். மரம் அரிதான தீவில் உத்தரமே இல்லாமல் வீடு கட்ட மக்கள் கண்ட வழி அது. இதே சாம்பல் மண் சுண்ணாம்போடு சேர்ந்தால் நீரிலும் உறுதியாக இறுகும் என்பதால் சூயஸ் கால்வாய்ப் பணிகளுக்குக்கூட இங்கிருந்து வெட்டி அனுப்பினார்கள். ஒரு காலத்தில் ஈயாவின் கப்பல் தலைவர்கள் மேலே சமதளத்தில் மாளிகை கட்டிக்கொள்ள, மாலுமிகளும் ஏழைகளும் சரிவைக் குடைந்து வாழ்ந்தார்கள். இன்று தீவிலேயே அதிக வாடகை கேட்பவை அந்த ஏழைகளின் குகைகள்தான்.

எங்கள் அறைக்கு ஓர் இரவுக்கு 340 யூரோ. நடுப்பகலிலும் உள்ளே குளுமையாக இருந்தது. சுவர்களின் வளைவும், உள்ளேயே குடைந்த மாடங்களும், வாசலில் மட்டும் விழுந்து பின் மெல்ல மங்கும் வெளிச்சமும் உண்மையிலேயே அழகானவை. ஆனால் வாசல் பக்கத்தைத் தவிர வேறெங்கும் சன்னல் வைக்க வழியில்லாத அமைப்பு என்பதால் பின்பகுதியில் காற்று நகரவில்லை. படுக்கைக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது; குளியலறையை ஒட்டிய மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு உப்பிப் பொரிந்து நின்றது. முதல் நாள் துவைத்துப் போட்ட அம்மாவின் பருத்திச் சேலை மூன்றாம் நாள் காலையிலும் ஈரம் காயாமல் இருந்தது. ஈரப்பதத்தை உறிஞ்சும் கருவி ஒன்றை விடுதிக்காரர்கள் வைத்திருந்தார்கள். அதன் இரைச்சலில் தூங்க முடியவில்லை, அணைத்தால் வாடை வந்தது. மூச்சுத் திணறல் உள்ளவர்கள் குகை அறையை எடுக்கும் முன் காற்றோட்டத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டுவிடுவது அவசியம்.

அதைவிடப் பெரிய குறை, தனிமை இல்லாதது. ஒரு வீட்டின் கூரை மேல் வீட்டின் முற்றமாக அமைந்த ஊர் இது. எங்கள் முற்றத்தில் ஆறடி நீளத்தில் ஒரு சிறிய நீர்த்தொட்டி இருந்தது. விளம்பரத்தில் அதைத் தனிக்குளம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே பொது நடைபாதை. காலையில் காபிக் கோப்பையோடு வெளியே வந்து உட்கார்ந்தால், மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும் பத்துப் பதினைந்து பேரின் கைப்பேசிகள் எங்கள் தலைக்கு மேல் நீண்டிருக்கும். அவர்கள் கடலைத்தான் படம் எடுத்தார்கள் என்றாலும், அந்தப் படங்களின் அடியில் நாங்கள் இருந்தோம். மூன்று நாள்களிலும் அம்மா பகலில் முற்றத்துக்கு வரவே இல்லை. விடுதியில் பணிபுரிந்தவர்கள் பண்பானவர்கள், காலை உணவும் நன்றாக இருந்தது; குறை சொல்ல வேண்டியது, இந்த நடைபாதையையும் அந்த 86 படிகளையும் படங்களிலிருந்து கவனமாக விலக்கிவைத்த நிர்வாகத்தைத்தான்.

சூரிய மறைவைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பலர் இதை அறியாமல் பணம் கட்டுகிறார்கள். ஈயாவில் கால்டெராவைப் பார்த்த அறைகளில் பல தெற்கு நோக்கி அமைந்தவை. சூரியன் மறைவதோ ஊரின் மேற்கு முனைக்கு அப்பால். கோடை உச்சத்தில் இன்னும் வடக்கே தள்ளி, வடமேற்கில். எங்கள் முற்றத்திலிருந்து எதிரே உள்ள பாறைச் சுவர் சிவப்பதைப் பார்க்க முடிந்ததே தவிர, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க முடியவில்லை. அதற்காக நாங்களும் மற்ற எல்லாரையும் போல இரண்டு மணி நேரம் முன்னதாகக் கோட்டை இடிபாட்டுக்குப் போய் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. விளம்பரங்களில் வரும் சொற்களைப் பிரித்து வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள்: கால்டெராக் காட்சி என்றால் எரிமலையைப் பார்த்த உட்புறம், கடல் காட்சி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கிழக்குச் சரிவும் சூரிய உதயமும், சூரிய மறைவுக் காட்சி என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறு. எது வேண்டுமோ அதை எழுத்தில் கேட்டு, அந்த அறையின் முற்றத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பச் சொல்வதுதான் பாதுகாப்பு.

விளிம்பில்தான் தங்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஃபிரோஸ்தெஃபானி. தலைநகரான ஃபிராவிலிருந்து வடக்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருக்கிறது. அதே காட்சி, இரவில் கேளிக்கை விடுதிகளின் சத்தம் இல்லை, பேருந்து நிலையத்துக்கு நடந்தே போகலாம். அதற்கும் அப்பால் விளிம்பின் மிக உயர்ந்த பகுதியில், கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ள இமெரோவிக்லி, விளிம்பு ஊர்களிலேயே அமைதியானது. நாங்கள் ஒரு மாலை முழுவதும் அங்கே ஸ்காரோஸ் பாறைக்கு எதிரே அமர்ந்திருந்தோம். எங்களைச் சுற்றி இருபது பேருக்கு மேல் இல்லை. ஆனால் கடைகள் குறைவு, காற்று அதிகம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி காற்று விளிம்பு ஊர்களில் மேசை விரிப்பைப் பறக்கவிடும் வேகத்தில் அடிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபிராவின் சிறப்பு வேறு: தீவின் பேருந்துகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. ஈயாவிலிருந்து தெற்கே அக்ரோதிரி அகழாய்வுத் தளத்துக்கோ பெரிஸா கடற்கரைக்கோ போக வேண்டுமானால் ஃபிராவில் இறங்கி வேறு பேருந்து ஏறியாக வேண்டும். ஈயாவில் இருந்த மூன்று நாள்களில் இந்த மாறிச் செல்லும் பயணத்திலும் வரிசையில் காத்திருப்பதிலும் எங்களுக்குச் செலவான நேரம் மிக அதிகம். வாடகைக் கார் இல்லாமல், செலவையும் சுருக்கி, இளையவர்களாக வருபவர்கள் ஃபிராவிலோ, அதற்குச் சற்றுத் தெற்கே விளிம்பை விட்டு விலகியுள்ள கார்தெராதோஸிலோ தங்குவதே சரி.

நான்காம் நாள் காலையில் அதே இளைஞர் பெட்டிகளை மேலே சுமந்துவர, அம்மா மூன்று இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி முடித்தார். மேலே வந்ததும் அவருடைய கை வெகுநேரம் என் கையை விடவில்லை. முழங்கால் வலி உள்ளவரை இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துவந்தது என் தவறு என்று அப்போது நன்றாக உணர்ந்தேன்.

பிர்கோஸ் ஃபிராவுக்குத் தெற்கே, தீவின் மிக உயர்ந்த மலையான 567 மீட்டர் ப்ரோஃபிதிஸ் இலியாஸின் அடிவாரக் குன்றின்மேல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தீவின் தலைநகராக இருந்த ஊர். வெனிசியர் காலத்துக் கோட்டையைச் சுற்றிச் சுருள் சுருளாக வீடுகள். இங்கேயும் படிகள் உண்டு. கோட்டைக்குள் வீடு எடுத்தால் ஈயாவைப் போலவே ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஆகவே, முன்பதிவு செய்வதற்கு முன்பே வீட்டுக்கார அம்மையாரிடம் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து படுக்கை அறை வரை எத்தனை படிகள்? "பதினொன்று, இடது பக்கம் கைப்பிடி உண்டு" என்று மறுநாளே பதில் வந்தது. போய் இறங்கியதும் அம்மா எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான் இருந்தது, கைப்பிடியும் இடது பக்கமே இருந்தது.

அந்த வீட்டுக்கு ஓர் இரவுக்கு 125 யூரோ: ஒரு படுக்கை அறை, அம்மாவுக்குக் கட்டில் போட்ட கூடம், சமையலறை, மாடியில் திறந்த தளம். தளத்திலிருந்து கிழக்கே கடற்கரைச் சமவெளியும், வடக்கே தொலைவில் விளிம்பு ஊர்களின் வெள்ளைக் கோடும் தெரிந்தன. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். பந்தல் போடாமல், காற்றிலிருந்து காய்களைக் காப்பாற்றுவதற்காகக் கொடிகளையே கூடைபோல வட்டமாகப் பின்னித் தரையோடு வளர்க்கும் அந்த முறையை ஈயாவில் இருந்தவரை நாங்கள் பார்க்கவே இல்லை. மேசைமேல் ஒரு கிண்ணம் தக்காளி எங்களுக்காகக் காத்திருந்தது. நெல்லிக்காய் அளவில், தோல் தடித்து, மழையும் பாசனமும் இல்லாத மண்ணின் சுவையெல்லாம் உள்ளே திரண்டு நிற்கும் சாந்தோரினித் தக்காளி. சமையலறை இருந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். தீவின் பெயர் பெற்ற ஃபாவா பருப்பை வாங்கிவந்து அம்மா வேகவைத்து, வெங்காயம் வதக்கிப் போட்டு இறக்கிய இரவில், ஒரு வாரத்தில் முதல்முறையாக மூவரும் வயிறார உண்டோம். ஈயாவில் மூவர் ஒரு வேளை உண்ட செலவில் இங்கே இரண்டு நாள் பொருள்கள் வாங்க முடிந்தது.

பிர்கோஸில் குறைகளும் உண்டு. பேருந்து வருகிறது, ஆனால் அடிக்கடி இல்லை. மாலைக்குப் பின் திரும்பி வருவது கடினம். தீவு முழுவதற்கும் டாக்சிகள் சொற்பம் என்பதால் அவற்றை நம்பித் திட்டம் போடக் கூடாது. நாங்கள் நான்கு நாளுக்கும் ஒரு சிறிய கார் எடுத்தோம். அதற்கான செலவைச் சேர்த்த பின்னும் ஈயாவில் கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேலேதான் ஆனது. இரவு பத்து மணிக்கு ஊர் அடங்கிவிடுகிறது. கூட்டத்தையும் இசையையும் விரும்பி வருபவர்களுக்கு அது சலிப்பாக இருக்கலாம். கடற்கரைக்கு நடந்து போக முடியாது. காட்சிக்காக ஏங்கிய மாலைகளில் கால் மணி நேரம் கார் ஓட்டினால் விளிம்பு வந்துவிடுகிறது, பார்த்துவிட்டு அமைதிக்குத் திரும்பிவிடலாம் என்பதால் எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. பிர்கோஸில் வீடு கிடைக்காவிட்டால் மெகாலோஹோரியையும் எம்போரியோவையும் பாருங்கள். இரண்டும் இதே இயல்புள்ள உள்நாட்டுக் கிராமங்கள்.

கடலில் குளிப்பதே நோக்கம் என்றால் கணக்கு மாறுகிறது. கமாரி, பெரிஸா, அதையொட்டிய பெரிவோலோஸ் ஆகியவை கரிய எரிமலை மணல் விரிந்த கிழக்கு, தென்கிழக்குக் கரைகள். சமதளம், குடும்பங்களுக்கு ஏற்றவை, வாடகையும் விளிம்பைவிட வெகு குறைவு. வரைபடத்தில் கமாரியும் பெரிஸாவும் அடுத்தடுத்துத் தெரிந்தாலும் இடையே மெசா வூனோ மலை கடலுக்குள் நீட்டி நிற்கிறது. சாலைவழி போக உள்நாட்டைச் சுற்றி வர வேண்டும். கமாரிக்கு மிக அருகில் விமான நிலையம் இருப்பதால் விமானச் சத்தம் கேட்கும். நண்பகலில் கரிய மணல் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், செருப்பில்லாமல் இறங்கக் கூடாது.

அறை வாடகைக்கு மேல், காலநிலை நெருக்கடித் தாங்குதிறன் கட்டணம் என்ற பெயரில் கிரேக்க அரசு ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரி வசூலிக்கிறது. 2025 நிலவரப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குறுகியகால வாடகைக் குடியிருப்புகளுக்கு 8 யூரோ. முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நேரில் கட்ட வேண்டும். தனி வீடு எடுப்பவர்கள் விளம்பரத்தில் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் குறுகியகால வாடகை விளம்பரங்களில் அதைக் காட்டுவது கட்டாயம். சுற்றுலாவுக்காக வீடுகள் மாறிப்போனதால் பள்ளி ஆசிரியர்களுக்கே குடியிருக்க இடம் கிடைக்காத தீவு இது. பதிவில்லாத வீட்டுக்குப் பணம் கொடுத்து அந்தத் துன்பத்தை நாம் கூட்டக் கூடாது. குழாய் நீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்க ஏற்றதன்று. பெரிய தண்ணீர்ப் புட்டிகளை 86 படிகளில் சுமப்பது யார் என்பதையும் அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

நிலநடுக்கத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தொடர் அதிர்வுகள் ஏற்பட்டு 11,000க்கும் மேற்பட்டோர் தற்காலிகமாகத் தீவை விட்டு வெளியேறினார்கள். பின்னர் அதிர்வுகள் தணிந்து வாழ்க்கை வழக்கத்துக்குத் திரும்பியது. 1956 ஜூலை 9 அன்று வந்த பெரும் நிலநடுக்கம் ஈயாவின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. இன்றைய ஈயா அதற்குப் பின் மீட்டெடுக்கப்பட்டது. எனவே முன்பதிவு எந்தத் தேதி வரை முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்படி ரத்து செய்யத்தக்கது என்பதைப் பார்க்காமல் இந்தத் தீவில் பெருந்தொகை கட்டாதீர்கள். எங்கள் ஈயா அறை ரத்து செய்ய முடியாத வகை, பிர்கோஸ் வீடு ஐந்து நாள் முன்பு வரை ரத்து செய்யக்கூடியது.

மறுபடி போவோமானால் அக்டோபர் முதல் வாரத்தில் போவோம். ஃபிரோஸ்தெஃபானியில், தெருவோடு ஒட்டி மேல் வரிசையில் உள்ள அறை ஒன்றில் ஓர் இரவு. மீதி ஐந்து இரவுகளும் பிர்கோஸில் அதே வீடு. ஈயாவுக்கு ஒருநாள் விடியற்காலையில் காரில் போய், கடைத்தெரு திறப்பதற்குள் திரும்பிவிடுவோம். பதினொரு படிகள்தானே என்று அம்மா இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார்.